முற்றத்து நிழலில் வளரும் தெள்ளு

கெடாவின் தோட்டங்களில் நாய் இல்லாத லயம் அரிது. பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலும் சரி, தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் வந்து குடியேறிய சுங்கைப்பட்டாணித் தாமான்களிலும் சரி, நம்மவர் நாய் பெரும்பாலும் வீட்டுக்குள் வளர்வதில்லை. அஞ்சடியிலும் சாமான் கொட்டகையிலும் கார் அடியிலும் அது வளர்கிறது. காவலுக்கு ஒன்று, காட்டுப்பன்றி விரட்ட மூன்று நான்கு, தானாக வந்து ஒட்டிக்கொண்ட ஒன்றிரண்டு என்று ஒரே முற்றத்தில் பல நாய்கள் படுத்துக் கிடக்கும். இவற்றுக்குத் தெள்ளு பற்றிவிட்டால் நாம் செய்வது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நாயைப் பிடித்துக் கட்டுகிறோம், கடையில் வாங்கிய தெள்ளு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறோம், அன்று மாலை நாய் நிம்மதியாகத் தூங்குகிறது. ஒரு வாரம் போவதற்குள் மறுபடியும் சொறிகிறது. ஷாம்பு சரியில்லை என்று வேறு ஷாம்பு, அதுவும் சரியில்லை என்று வயலுக்கு அடிக்கும் மருந்து, கடைசியில் நாயே சனியன் என்ற முடிவு. வெளியில் வளரும் நாயின் தெள்ளுத் தொல்லை இப்படி முடிவில்லாமல் இழுப்பதற்கு மருந்தின் பலம் போதாததைக் குறை சொல்ல முடியாது. மருந்து எட்டாத ஓர் இடம் முற்றத்தில் இருக்கிறது. அது காலியாவதற்குத் தேவைப்படும் நாட்கள்வரை நாம் பொறுப்பதில்லை. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் செலவும் குறையும், விஷமும் குறையும்.

கண்ணில் படுவது சிறு பங்கு

முதலில் பூச்சி எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். உண்ணிக்கு எட்டுக் கால். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் பல்லைப் பதித்து அசையாமல் உட்கார்ந்திருக்கும், நாயை விட்டு இறங்கிச் சுவர் ஏறி வெடிப்புகளில் முட்டையிடும். தெள்ளு அப்படியில்லை. பக்கவாட்டில் தட்டையான பழுப்புநிறப் பூச்சி, ரோமத்துக்குள் ஓடும், பிடிக்கப் போனால் துள்ளும். துள்ளி மறைந்துவிட்டாலும் அடையாளம் விட்டுப் போகும். பேன் சீப்பால் வாலின் அடிப்பகுதியை வாரினால் மிளகுத்தூள் போன்ற கருந்துகள் சீப்பில் சேரும். அதை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டிவிட்டுச் சற்றுப் பொறுத்தால், துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை பரவும். அது மண் இல்லை, தெள்ளு குடித்துக் கழித்த இரத்தம்.

அந்தக் கருந்துகள்தான் முழுக் கதைக்கும் திறவுகோல். பெண் தெள்ளு நாயின் மேல் ஏறி முதல் இரத்தம் குடித்த ஒன்றிரண்டு நாளில் முட்டையிடத் தொடங்கிவிடும். நல்ல வளர்ச்சியில் நாளொன்றுக்கு 40 முட்டை வரைகூட இடும். முட்டை ரோமத்தில் ஒட்டுவதில்லை. நாய் உதறும்போதும் எழும்போதும் சுருளும்போதும் கோலமாவு உதிர்வதுபோல் தரையில் உதிரும், கூடவே உலர்ந்த இரத்தத் துகளும் உதிரும். சில நாட்களில் முட்டை பொரிந்து வரும் புழுவுக்கு இரத்தம் குடிக்கும் வாய் கிடையாது. தாய் கழித்துப் போட்ட அந்தத் துகளையே தின்று வளர்கிறது. ஆக, நாய் எங்கே அதிக நேரம் படுக்கிறதோ அங்கேதான் முட்டையும் அதிகம், புழுவுக்குச் சோறும் அதிகம். வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கும் அந்தப் புழு மண்ணுக்குள்ளும் சருகுக்கு அடியிலும் இறங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் தன்னைச் சுற்றிக் கூடு பின்னிக்கொள்கிறது. கூட்டின் நூல் பிசுபிசுப்பானது. சுற்றியுள்ள மண்ணும் தூசியும் அதில் ஒட்டிக்கொள்வதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தெளிக்கும் மருந்தும் அதற்குள் சரியாக இறங்காது. வெளியே காலடி அதிர்வு, உடல் சூடு, மூச்சுக்காற்று ஏதாவது பட்டால் சில நொடிகளில் தெள்ளு வெளிப்பட்டுத் துள்ளும். படாவிட்டால் மாதக்கணக்கில் உள்ளேயே காத்திருக்கும். நூறு என்று கணக்கு வைத்தால் ஐந்துதான் நாயின் மேல் இருக்கும் வளர்ந்த தெள்ளு, மற்ற 95-ம் முட்டையாக, புழுவாக, கூடாக வெளியே கிடக்கின்றன என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் மதிப்பீடு. இடத்துக்கு இடம் இது மாறலாம். ஆனால் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறவர் அந்த ஐந்தோடு மட்டுமே சண்டை போடுகிறார் என்பது மாறாது.

வெயில் படும் மண்ணில் புழு பிழைக்காது

அப்படியானால் முற்றம் முழுவதையும் மருந்தால் நனைத்துவிடலாமே என்று தோன்றும். தேவையில்லை, ஏனென்றால் முற்றத்தின் பெரும்பகுதியில் தெள்ளால் வளரவே முடியாது. அமெரிக்கப் பூச்சியியலாளர்கள் மைக்கேல் ரஸ்டும் மைக்கேல் டிரைடனும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1997-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். தெள்ளுப் புழு எவ்வளவு மென்மையான உயிர் என்பது அத்தகைய ஆய்வுகளிலிருந்து தெளிவாகிறது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அது காய்ந்து செத்துவிடும். 35 பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டிலும் நிலைக்காது. கெடாவின் நண்பகல் வெயில் நேராக விழும் வெறும் மண், காற்றைவிடக் கூடுதலாகச் சுடும். பெருக்கிச் சுத்தமாக வைத்த, வெயில் படும் முற்றத்தில் முட்டை விழலாம், ஆனால் தெள்ளாகாது. காலையில் எழுந்ததும் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்த நம் பாட்டிமார்கள் தெள்ளை எண்ணிச் செய்தார்களோ இல்லையோ, சருகையும் தூசியையும் ஒதுக்கி மண்ணை வெயிலுக்குக் காட்டிய அந்த வேலை புழுவுக்கு இருந்த மறைவிடத்தை நாள்தோறும் பறித்தது.

ஆபத்து நிழலில்தான். நம் காற்றின் ஈரமும் வெப்பமும் நிழலில் தெள்ளுக்கென்றே அளந்து வைத்ததுபோல் அமைந்துவிடுகின்றன. முட்டையிலிருந்து வளர்ந்த தெள்ளுவரை மூன்று நான்கு வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். குளிர்நாட்டுக் கையேடுகள் வசந்தத்தில் தொடங்கிப் பனிக்காலம் வந்ததும் நிறுத்தச் சொல்கின்றன. பனி வந்து நமக்காகக் கொல்லும் பருவம் இங்கே கிடையாது. ஆனால் தீபகற்பத்தின் தென்பகுதிக்கு வாய்க்காத ஒரு வசதி வடமேற்கில் இருக்கும் கெடாவுக்கு உண்டு: ஆண்டுத் தொடக்கத்தில், குறிப்பாக ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், மழை ஓய்ந்து மண் காய்ந்து கிடக்கும். முற்றத்தைத் திருத்தும் வேலைக்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

எங்கே திருத்துவது என்பதை நாயே காட்டிவிடும். வெயிலேறும் நேரத்தில் நாய் எங்கே போய்ப் படுக்கிறது என்று இரண்டு மூன்று நாள் கவனித்தால் போதும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில், சாய்த்து வைத்த பலகைக்கும் சுவருக்கும் இடையில், செம்பருத்திச் செடியின் தாழ்ந்த கிளைக்குக் கீழே அது மண்ணைப் பறித்துக் குழியாக்கிச் சுருண்டு படுத்திருக்கும். அந்தக் குழியின் மண் மாவாக நொறுங்கியிருக்கும், சற்று ஈரமாகவும் இருக்கும், உதிர்ந்த ரோமம் கலந்திருக்கும். ஒரு லயத்து முற்றத்தில் இத்தகைய குழிகள் ஐந்தாறு இருந்தால் அதிகம். தெள்ளின் பிறப்பிடம் பெரும்பாலும் அதோடு சரி. மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துப் பைக்குள் கட்டி அப்புறப்படுத்தலாம், அல்லது தகரத்தின் மேல் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் காய விடலாம். தாழ்ந்த கிளைகளை வெட்டி வெளிச்சம் விழச் செய்வதும், குவித்து வைத்த பலகையையும் பழைய டயரையும் நகர்த்துவதும் அதோடு சேர்ந்த வேலை. நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் முக்கிக் காயப்போட வேண்டும். மோசமாகிவிட்ட சாக்கை எரிப்பதைவிடப் பையில் கட்டி எறிவது நல்லது. நாய்க்கென்று உயரமான பலகை மேடை அடித்துக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். பலகை இடுக்கு வழியாக முட்டை கீழே விழுந்து, மேடையின் நிழலில் யாரும் தொடாத மண்ணில் வளரும். மேடைக்கு அடியில் சிமெண்டு போட்டு வெடிப்பில்லாமல் பூசி, துடைப்பம் நுழையும் அளவுக்கு உயரம் விட்டால்தான் அந்த மேடையால் பயன்.

மருந்து தோற்றதுபோல் தெரியும் வாரங்கள்

நிழலைத் திருத்துவது பாதி வேலை. புதிதாக முட்டை விழுவதை நிறுத்தாவிட்டால் எத்தனை முறை சுரண்டினாலும் குழி மறுபடி நிறையும். அதற்கு நாயின் மேல் நிலைத்து நிற்கும் மருந்து வேண்டும். ஷாம்பு அன்றைக்கு இருக்கும் தெள்ளைக் கொல்லும், மறுநாள் ஏறும் தெள்ளை ஒன்றும் செய்யாது. பிடரியில் ஊற்றும் சொட்டு மருந்துகள் ஒரு மாதம் நிற்கும் என்றாலும், மழையில் நனைந்து சேற்றில் புரளும் நாய்க்கு அவற்றின் பலம் குறையக்கூடும். ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாமல் இருப்பது நல்லது. வெளிநாய்க்கு மிகவும் பொருந்துவது 2013 முதல் புழக்கத்துக்கு வந்த மாத்திரைகள்: அஃபாக்சோலேனர், ஃப்ளூரலேனர், சாரோலேனர் என்ற மருந்து வகை. மருந்துக்கு ஏற்ப ஒரு மாதமோ மூன்று மாதமோ நாயின் இரத்தத்தில் தங்கி, கடிக்கும் தெள்ளை அது முட்டையிடுவதற்கு முன்பே கொல்லும். உண்ணிக்கும் இதே மாத்திரை வேலை செய்யும். வலிப்பு வரும் நாய்க்கு இவற்றைக் கொடுப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் அறிவித்தது. எனவே கால்நடை மருத்துவரிடம் நாயின் எடையையும் பழைய நோய்களையும் சொல்லி வாங்குவதே முறை. ஒரே முற்றத்தில் இருக்கும் எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். பூனைக்குப் பூனை மருந்துதான். நாய்க்கான பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

இங்கேதான் பெரும்பாலோர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். மாத்திரை கொடுத்த இரண்டாம் வாரத்திலும் நாயின் மேல் தெள்ளு ஓடுவதைப் பார்த்தால், காசு வீண் என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் அவை பழைய தெள்ளு அல்ல. மாத்திரை கொடுப்பதற்கு முன்பே மண்ணில் கூடு கட்டிக் காத்திருந்தவை இப்போது வெளிப்பட்டு, நாயின் மேல் ஏறி, கடித்துச் சாகின்றன. அதனால் மருந்து கொடுத்த நாயை வேறிடத்துக்கு மாற்றிக் கட்டுவது தவறு. அது பழைய இடத்திலேயே நடமாடட்டும், பழைய குழிக்குப் பக்கத்திலேயே படுக்கட்டும். அதன் காலடி அதிர்வும் சூடும் கூட்டிலிருக்கும் தெள்ளை வெளியே இழுக்கின்றன. வெளியே வருவது திரும்பி முட்டையிடப் போவதில்லை. மண்ணில் தேங்கிய கூடுகள் இப்படித் தீர்வதற்குச் சில வாரங்கள் ஆகும், மோசமான முற்றத்தில் இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம். மூன்று மாதம் இடைவெளி விடாமல் மருந்து தொடர வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். செம்பனைக் காட்டை ஒட்டிய வீடுகளில் தெருநாயும் பூனையும் வந்து போய்க்கொண்டே இருப்பதால் அதன் பிறகும் நிறுத்த முடியாமல் போகலாம். முன்னேற்றம் இருக்கிறதா என்று அறிய, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை மாட்டிக்கொண்டு நாய் படுக்கும் நிழலில் வாரம் ஒருநாள் சில நிமிடம் நின்று பார்க்கலாம். துள்ளி ஏறும் கரும்புள்ளிகளை எண்ணிக் குறித்து வைத்தால், வாரத்துக்கு வாரம் அந்த எண் இறங்குவதைக் கண்ணால் காணலாம்.

ஸ்டோர் மருந்தைத் தொட வேண்டாம்

தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை செய்பவர் வீட்டில் மருந்துக்குப் பஞ்சமில்லை என்பதுதான் கவலை. செம்பனைக்கும் காய்கறிக்கும் அடிக்கும் பூச்சிமருந்தைக் கலக்கி நாயின் மேல் ஊற்றுவதும், பழைய எஞ்சின் எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் பூசுவதும் இன்னமும் நடக்கிறது. நாய் தன் உடம்பை நக்கும் பிராணி. பூசியது எதுவோ அது வயிற்றுக்குப் போகும். எஞ்சின் எண்ணெய் தோலைப் புண்ணாக்கி ஈரலையும் கெடுக்கும். மலேசியாவில் பூச்சிமருந்துகள் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. எந்தப் பயிருக்கு, எந்த அளவில் என்பது லேபிளில் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த அளவுகள் இலைக்காகக் கணக்கிடப்பட்டவை, நாயின் தோலுக்காக அல்ல, அந்த நாயைக் கட்டிப்பிடித்து விளையாடும் பிள்ளைக்காகவும் அல்ல.

முற்றத்தில் கோழி மேய்ந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். 2017-இல் நெதர்லாந்து, பெல்ஜியப் பண்ணைகளில் கோழிச் செள்ளை ஒழிக்க அனுமதியின்றிப் பயன்படுத்திய ஃபிப்ரோனில் முட்டைக்குள் புகுந்துவிட்டது. ஐரோப்பா முழுக்க இலட்சக்கணக்கான முட்டைகளைத் திரும்பப் பெற்றார்கள். நாய்க்குரிய தெளிப்பு மருந்துகளில் இருப்பதும் இதே ஃபிப்ரோனில்தான். நாயின் உடம்பில் அளவோடு தெளித்தால் நல்ல மருந்து, கோழி கிளறும் மண்ணில் கொட்டினால் நாம் தின்னும் முட்டையில் வந்து நிற்கும். மண்ணுக்கு மருந்து கட்டாயம் வேண்டும் என்ற நிலை வந்தால், புழு வளர்ந்து தெள்ளாவதைத் தடுக்கும் பைரிப்ராக்சிஃபென் போன்ற வளர்ச்சித் தடுப்பான்களை, லேபிளில் அந்தப் பயன் குறிப்பிட்டிருந்தால், குழிகளிலும் கொட்டகை ஓரத்திலும் மட்டும் தெளிப்பது போதும். மீன் குளமும் வாய்க்காலும் பக்கத்தில் இருந்தால் அதையும் தவிர்க்க வேண்டும்.

வேப்பெண்ணெய் போதாதா என்ற கேள்வியும் வரும். நீர்த்த வேப்பெண்ணெய் கொஞ்ச நேரம் தெள்ளை விரட்டும். மண்ணில் இருக்கும் கூட்டுக்கு அது தெரியவே தெரியாது. பூண்டு கொடுத்தால் தெள்ளு அண்டாது என்பது பரவலான நம்பிக்கை, ஆனால் பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தெள்ளால் ஏற்கெனவே இரத்தம் குறைந்த நாய்க்கு அதைக் கொடுப்பது இரட்டைக் கேடு.

செலவு என்ற நியாயமான கேள்வி

குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். அதில் குடும்பம் நடத்துபவரிடம் ஐந்து நாய்க்கும் மாதந்தோறும் மாத்திரை வாங்கு என்று சொல்வது எளிது, கேட்பவருக்குச் சுடும். இந்த மறுப்பை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் மேலே சொன்ன வேலைகளில் பலன் மிகுந்த சிலவற்றுக்குக் காசே வேண்டாம். குழி சுரண்டுவது, கிளை வெட்டுவது, சாக்கை அவிப்பது எல்லாம் உடம்பு உழைப்புதான். பேன் சீப்பும் ஒரு பாத்திரம் சவர்க்காரத் தண்ணீரும் இருந்தால் நாள்தோறும் மாலையில் வாரி, சீப்பில் சிக்கியதைத் தண்ணீரில் முக்கலாம். சவர்க்காரத் தண்ணீரில் விழுந்த தெள்ளு மூழ்கிவிடும். எட்டு வாரம் நிரம்பாத குட்டிகளுக்குப் பெரும்பாலான மருந்து ஆகாது என்பதால் அவற்றுக்கு இந்தச் சீப்புதான் வழி. குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் தெள்ளு அதன் இரத்தத்தை உறிஞ்சித் தீர்க்கிறது என்று பொருள், அன்றே மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டும். குட்டியே பெருகாமல் கருத்தடை செய்துவிட்டால் அடுத்த ஆண்டு மருந்துச் செலவும் பெருகாது.

லயத்தில் இருப்பவருக்குத் தாமான்காரருக்கு இல்லாத ஒரு வலு உண்டு. ஒரே வரிசையில், ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். நாய்க்கு வேலி தெரியாது, ஐந்தாவது வீட்டு நாய் ஒன்பதாவது வீட்டுக் குழியில் படுக்கும். ஒரு வீடு மட்டும் மருந்து வாங்கினால் அந்தக் காசு பக்கத்து வீட்டுத் தெள்ளுக்குத்தான் போகும். வரிசை முழுவதும் சேர்ந்து பெரிய புட்டித் தெளிப்பு மருந்தை மருத்துவர் சொல்லும் எடைக் கணக்குப்படி பகிர்ந்துகொண்டால் தலைக்கு விழும் செலவு குறையும், பலனும் நிற்கும். தோட்ட நிர்வாகமும் இதிலிருந்து ஒதுங்க முடியாது. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்துக்கென்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம், 446-ஆம் சட்டம், இருக்கிறது. வீடுகளுக்குப் பின்னால் புதரும் குப்பையும் மண்டிக் கிடப்பதை நாய் வளர்ப்பவரின் குற்றமாக மட்டும் எழுதிவிடக் கூடாது.

நாயை அப்புறப்படுத்தினால் தீருமா

நாயே இல்லாவிட்டால் தெள்ளும் இல்லை என்பது கேட்பதற்குச் சரியாகத் தோன்றும். 2012-இல் வெறிநோய் இல்லாத நாடாக அறிவிக்கப்பட்ட மலேசியாவில், 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்று மாநிலங்களிலும் வெறிநோய் தலைகாட்டியபோது நாய்களைப் பிடித்துக் கொல்லும் நடவடிக்கைகள் நடந்தன, அதன்மேல் கடும் விவாதமும் எழுந்தது. வெறிநோய்க்குத் தடுப்பூசிதான் நிலைத்த காப்பு என்பதைத் தனியாகப் பேச வேண்டும். தெள்ளைப் பொறுத்தவரை, நாயைத் திடீரென்று அகற்றுவது உடனடியாக நிலைமையை மோசமாக்கும். மண்ணில் காத்திருக்கும் கூடுகள் நாய் போனது அறியாது. காலடி பட்டதும் வெளிப்படும் தெள்ளு நாய் கிடைக்காமல் மனிதக் காலில் ஏறும். நாயோ பூனையோ வாழ்ந்து பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் சில மாதம் கழித்து நுழைபவர்களைத் தெள்ளு மொய்த்துக்கொள்வது இதனால்தான். முற்றத்தில் தவழும் பிள்ளைக்கும் தெள்ளுக்கும் நடுவே மருந்து உண்ட நாய் ஓர் அரண். வெறிநோய்த் தடுப்பூசிக்கு நாய்களை ஓரிடத்தில் திரட்டும்போது அன்றே தெள்ளு மருந்தும் கொடுப்பதற்குக் கால்நடைச் சேவைத் துறையும் தோட்டங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்தால், ஒரே நாளில் எல்லா நாய்க்கும் என்ற கடினமான நிபந்தனை எளிதாக நிறைவேறும்.

காய்ச்சல் வந்தால் சொல்ல வேண்டியது

தெள்ளுக் கடி பெரும்பாலும் கணுக்காலில் அரிப்போடு முடிந்துவிடும். ஆனால் தெள்ளை விழுங்கிவிட்ட சிறுபிள்ளைக்கு நாயின் நாடாப்புழு வரலாம். மலத்தில் அரிசியோ வெள்ளரி விதையோ போன்ற துண்டுகள் தெரியும், எளிதில் குணமாகும். இதைவிடக் கவனிக்க வேண்டியது காய்ச்சல். 1920-களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வில்லியம் ஃபிளெட்சரும் லெஸ்லரும் மலாயாவில் டைஃபஸ் காய்ச்சல் இரண்டு விதம் என்று பிரித்துக் காட்டினார்கள்: ஊருக்குள் வருவது ஒன்று, தோட்டத்திலும் புதர்க்காட்டிலும் வருவது ஒன்று. ஊர்க் காய்ச்சலை எலித் தெள்ளு பரப்புகிறது, புதர்க் காய்ச்சலைச் சிறு உண்ணிப் புழு பரப்புகிறது என்பது பின்னர் உறுதியாயிற்று. நாய், பூனைத் தெள்ளில் காணப்படும் ரிக்கெட்சியா ஃபெலிஸ் என்ற உறவுக் கிருமியும் மலேசியாவில் பிடித்த தெள்ளுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. நாய்ச் சோறு இரவில் சிந்திக் கிடந்தால் எலி வரும், எலியோடு அதன் தெள்ளும் வரும். அதனால் நாயின் தட்டை மாலையே கழுவிக் கவிழ்ப்பதும் தெள்ளுத் தடுப்பில் சேரும்.

இக்காய்ச்சல்கள் டெங்கியைப் போலவே தொடங்கும். தலைவலி, உடம்புவலி, சில நாளில் தடிப்பு. புதர்க் காய்ச்சலாக இருந்தால் இடுப்பு மடிப்பிலோ அக்குளிலோ சிகரெட் சுட்டதுபோல் கறுத்த புண் ஒன்று வலிக்காமல் இருக்கும், நோயாளிக்கே தெரியாமல்கூட இருக்கலாம். டெங்கி இல்லை என்று இரத்தப் பரிசோதனை சொன்ன பிறகும் காய்ச்சல் இறங்காவிட்டால், வீட்டு முற்றத்தில் நாய் உண்டு, தெள்ளு கடித்தது, எலி நடமாட்டம் இருக்கிறது, செம்பனைக் காட்டில் வேலை என்பதையெல்லாம் கிளினிக்கில் நாமே வாய் திறந்து சொல்ல வேண்டும். மருத்துவர் அந்தக் கோணத்தில் எண்ணினால் டாக்சிசைக்ளின் என்ற மருந்தைத் தொடங்குவார். டைஃபஸ் என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.